மாநிலம் மாறினா ஹார்வர்ட் சீட்டு கிடைச்சிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல அமெரிக்க காலேஜ் அட்மிஷன் பத்தி வந்த கட்டுரையை நியூ ஜெர்சியில இருக்கற என் நாத்தனார் வாட்ஸ்ஆப்ல அனுப்பியிருந்தா. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், "பாத்தீங்களா அண்ணி, நான் அப்பவே சொன்னேன்ல, உங்களுக்கென்ன கவலை, ஆர்கன்சான்னு அட்ரஸ் போட்டாலே கூப்பிட்டு சீட்டு குடுப்பாங்க"ன்னு. நாங்க இருக்கறது ஆர்கன்சா மாநிலத்துல பென்டன்வில், வால்மார்ட் ஹெட் ஆபீஸ் இருக்கற ஊரு, அதுக்கு முன்னாடி நாங்களும் ஜெர்சிதான். வாரக்கடைசியில தமிழ் ஸ்கூல்ல பாடம் எடுக்கறேன், அங்க வர்ற பெரிய பிள்ளைங்களுக்கு காலேஜ் அப்ளிகேஷன் கட்டுரை எல்லாம் படிச்சுப் பாத்து குடுக்கறதும் அப்படியே என் தலையில வந்து விழுந்துடுச்சு, அதனால இந்த விஷயத்தைக் கொஞ்சம் கிட்டேர்ந்து பாக்கறேன்.

ஜனத்தொகை கம்மியா இருக்கற மாநிலத்துப் பிள்ளைங்களுக்கு பெரிய காலேஜுல வாய்ப்பு ஜாஸ்தி, அதனால வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க இடம் மாறுறத யோசிக்கலாம்னு கட்டுரையில இருந்துச்சு. முழுத் தப்புன்னு சொல்ல வரல. ஆனா அத நம்பி யாராவது வீட்ட வித்துட்டு மொண்டானாவுக்குக் கெளம்பிடுவாங்களோன்னுதான் இத எழுதறேன் (கெளம்பறவங்க இருக்காங்க, சிரிக்காதீங்க).

நம்ம ஆளுங்களுக்கு மாநிலம்னு சொன்ன உடனே மனசுல வர்றது கோட்டா. திருச்சி என்.ஐ.டி.ன்னா பாதி சீட்டு தமிழ்நாட்டுக்கு, பாதி வெளி மாநிலத்துக்கு. அரசு மெடிக்கல் காலேஜ்னா 15 சதவீதம் ஆல் இந்தியாவுக்குப் போக மிச்சம் மாநிலத்துக்கு. எல்லாம் எழுதி வச்ச கணக்கு, ரேங்க் லிஸ்ட் வந்தா யாரு உள்ள யாரு வெளியன்னு தெரிஞ்சிடும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மாதிரி பிரைவேட் காலேஜுங்கள்ல அப்படி ஒரு கணக்கே கிடையாது. வயோமிங்குக்கு இத்தனை சீட்டு, ஜெர்சிக்கு இத்தனைன்னு எங்கயும் எழுதி வைக்கல. எல்லாத்தையும் சேத்துப் பாக்கறோம்னு சொல்லுவாங்க, அந்த எல்லாத்துல ஊரும் ஒன்னு, அவ்வளவுதான்.

எப்படிப் பாக்கறாங்கன்னு, ஆசியப் பிள்ளைங்கள ஓரங்கட்டறாங்கன்னு ஹார்வர்ட் மேல போட்ட கேஸ்ல கோர்ட்டுக்கு வந்த விவரம் நெறைய இருக்கு. உலகம் பூரா சுமார் 20 ஏரியாவா பிரிச்சு வச்சிருக்காங்க, அதுக்கு டாக்கெட்னு பேரு. ஒரு ஏரியா அப்ளிகேஷன அந்த ஏரியாவுக்குப் பொறுப்பான ஆபீசருங்கதான் மொதல்ல படிப்பாங்க, அப்புறம் அந்த ஏரியாவோட சின்ன கமிட்டி, அதுக்கப்புறம் 40 பேர் உக்காந்திருக்கற பெரிய கமிட்டி. அந்த ஆபீசர் மாநிலத்தப் பாக்கறத விட ஸ்கூலத்தான் உத்துப் பாப்பார். ஸ்கூல் கவுன்சிலர் பிள்ளையோட மார்க்ஷீட் கூட ஸ்கூல் ப்ரொஃபைல்னு ஒன்னு அனுப்புவாங்க, ஒரு பக்கம் ரெண்டு பக்கம்தான் இருக்கும், அதுல எத்தனை ஏ.பி. கோர்ஸ் (ஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம்) நடத்துறாங்க, ஜி.பி.ஏ.ங்கற மார்க் சராசரிய எப்படிக் கணக்குப் போடுறாங்க, எஸ்.ஏ.டி.ங்கற காலேஜ் நுழைவுப் பரீட்சையில ஸ்கூலோட சராசரி என்ன, போன வருஷம் எத்தனை பேர் நாலு வருஷ காலேஜுக்குப் போனாங்க, எல்லாம் இருக்கும். பெத்தவங்க முக்காவாசிப் பேர் அத பாத்ததே இல்ல, பல ஸ்கூலுங்க வெப்சைட்லயே போட்டிருக்கும். அஞ்சு ஏ.பி. மட்டும் இருக்கற ஸ்கூல்ல அஞ்சையும் எடுத்த பொண்ணும், இருபத்தஞ்சு இருக்கற ஸ்கூல்ல அஞ்சு எடுத்த பொண்ணும் அவர் கண்ணுக்கு ஒன்னு இல்ல. அதனால ஜெர்சியில எடிசன்ல இருக்கற நம்ம பையன் மோதறது மொண்டானா பையன் கூட இல்ல, அதே ஸ்கூல்ல, அதே ரோபோடிக்ஸ் டீம்ல, அதே மாதிரி வயலினோ மிருதங்கமோ வாசிக்கற இன்னும் நாப்பது பேர் கூடத்தான்.

சின்ன மாநிலத்துக்கு ஒரு பலனும் இல்லையான்னா, இருக்கு. 50 மாநிலத்துலேர்ந்தும் பிள்ளைங்க வந்திருக்காங்கன்னு சொல்லிக்கறதுல இந்தக் காலேஜுங்களுக்கு ஒரு பெருமை. வயோமிங் ஜனத்தொகை 6 லட்சத்துக்கும் கம்மி, நியூ ஜெர்சி 90 லட்சத்துக்கும் மேல, அப்ளை பண்றவங்களே அங்க கம்மிங்கறப்ப ஒரு நல்ல பிள்ளை கண்ணுல பட்டுடும். ஆனா மொத்தக் கணக்கப் பாருங்க. 2024-ல ஹார்வர்டுக்கு அப்ளை பண்ணவங்க 54,008 பேர், எடுத்தது 1,937. சீட்டுக்கு ஏத்திவிடற மத்த ஏணிங்க இந்த ஊர்ங்கற ஏணியவிட ரொம்ப உசரம். அந்தக் கேஸ்ல வெளிய வந்த தகவல வச்சு ஆராய்ச்சி பண்ணவங்க கணக்குப்படி அங்க சீட்டு கிடைச்ச வெள்ளைக்காரப் பிள்ளைங்கள்ல 43 சதவீதம் பேர் ஸ்போர்ட்ஸ்ல எடுத்தவங்க, அப்பா அம்மா அங்க படிச்சவங்க, டீனோட ஸ்பெஷல் லிஸ்ட்ல இருக்கறவங்க, இல்லன்னா அங்க வேலை பாக்கறவங்க பிள்ளைங்க. 2023-ல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியும் (நம்ம தமிழ் வம்சாவளிதான்) அவர் கூட ரெண்டு பேரும் போட்ட ஆய்வுல, ஒரே எஸ்.ஏ.டி. மார்க் வாங்கின ரெண்டு பிள்ளைங்கள்ல, வருமானத்துல மேல்மட்ட 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அந்த மாதிரி காலேஜுக்குப் போற வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைய விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு வந்துச்சு. இதுக்கெல்லாம் முன்னாடி ஆர்கன்சான்னு அட்ரஸ் போட்டு என்ன ஆகப் போகுது, சொல்லுங்க.

இந்த எல்லா ஊர்லேர்ந்தும் ஆள் எடுக்கறோம்ங்கற பேச்சு எங்க ஆரம்பிச்சதுன்னு கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதுதான் ரொம்பக் குறையா பட்டுது. 1920 வாக்குல ஹார்வர்ட்ல யூதப் பிள்ளைங்க அஞ்சுல ஒரு பங்கு ஆயிட்டாங்க. அப்ப ஹார்வர்ட் பிரசிடென்ட்டா இருந்த லோவல் 1922-ல இதுக்கு ஒரு வரம்பு வைக்கணும்னு வெளிப்படையாவே பேசினார். அந்த வருஷம் அப்ளிகேஷன்லயே, உன் பேரையோ உங்க அப்பா பேரையோ பொறந்ததுக்கப்புறம் மாத்தியிருக்கீங்களான்னு ஒரு கேள்வி சேத்தாங்க, யூதப் பேர மாத்திக்கிட்டு வர்றவங்களப் பிடிக்கறதுக்கு. நேரடி கோட்டா வேண்டாம்னு கமிட்டி சொல்லிடுச்சு, அதுக்குப் பதிலா தெற்கு, மேற்குப் பக்கத்து ஊர் ஸ்கூலுங்கள்ல கிளாஸ்ல மேல இருக்கற ஏழுல ஒரு பங்கு பிள்ளைங்கள பரீட்சை இல்லாமலே சேத்துக்கலாம்னு கொண்டு வந்தாங்க. யூதக் குடும்பங்க இருந்ததெல்லாம் நியூயார்க், பாஸ்டன் மாதிரி கிழக்குப் பக்கத்துப் பெரிய ஊர்ல, அப்ப தூரத்து ஊர்க்காரன எடுத்தா இவங்க தானா கொறைவாங்கங்கற நெனப்பும் அதுல கலந்திருந்துச்சு. அந்த வழி பலிக்கலன்னதும் 1926-லேர்ந்து குணம், ஆளுமைன்னு அளக்க முடியாதத வச்சு வடிகட்ட ஆரம்பிச்சாங்க. தூரத்து ஊர்ப் பிள்ளைக்கு இடம் குடுக்கறது நல்ல விஷயம்தான், ஆனா யாரையோ வெளிய வைக்கறதுக்கும் அதே கதவத்தான் யூஸ் பண்ணாங்கங்கறத மறந்துடக் கூடாது.

இன்னைக்கு அந்த இடத்துல நம்ம பிள்ளைங்க நிக்கறாங்களான்னு கேட்டா, நான் ஆமான்னுதான் சொல்லுவேன். 2018-ல பாஸ்டன்ல நடந்த விசாரணையில ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. சுமார் 20 மாநிலத்த ஹார்வர்ட், ஆள் நடமாட்டம் கம்மியான பகுதின்னு தனியா வச்சிருந்துச்சு, அங்க பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டப் பரீட்சை) நல்லா எழுதின பிள்ளைங்களுக்கு, எங்க காலேஜுக்கு அப்ளை பண்ணுங்களேன்னு லெட்டர் அனுப்புச்சு. சீட்டு இல்ல, வெறும் அழைப்பு லெட்டர்தான். அதுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைன்னா 1310 இருந்தா போதும்னு வச்சிருந்தாங்க, அதே ஊர்ல இருக்கற ஆசியப் பொண்ணுன்னா 1350, பையன்னா 1380. ஏன் இப்படின்னு கேட்டப்ப, ரொம்ப வருஷம் அட்மிஷன் டீனா இருந்த வில்லியம் ஃபிட்ஸ்சிமன்ஸ் சொன்ன பதில்ல, அந்த மாநிலத்துல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மட்டும் இருந்தவங்களும் இருக்காங்க, வாழ்நாள் பூரா அங்கயே இருந்தவங்களும் இருக்காங்கங்கற மாதிரி ஒரு விளக்கம் வந்துச்சு. இதப் படிச்சப்ப எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. இங்கயே ஆஸ்பத்திரியில பொறந்து, இங்கயே கிண்டர்கார்டன்லேர்ந்து படிச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரோட சேந்து ஃபுட்பால் மேட்ச் பாத்து வளந்த பொண்ணு எங்க தமிழ் ஸ்கூல்ல இருக்கா, அவ பேர வச்சே நேத்து வந்தவன்னு முடிவு பண்ணிடுவாங்களா? 2019-ல அந்தக் கேஸ்ல ஹார்வர்ட் ஜெயிச்சுது, 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அத மாத்தி, அட்மிஷன்ல இனம் பாக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா மாநிலம் மாறணும்னு யோசிக்கறவங்க அந்தப் பதில நல்லா மனசுல வச்சுக்கணும், பதினொன்னாவது படிக்கறப்ப ஜெர்சியிலேர்ந்து ஐடஹோவுக்கு வந்த பையனப் பாத்தா எந்த ஆபீசருக்கும் புரிஞ்சிடும், மார்க்ஷீட்லயே ரெண்டு ஸ்கூல் பேர் இருக்குமே.

சரி, இவ்வளவு கோவப்படறேன், இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், இதச் சொன்னா எங்க ஊர்க்காரங்களுக்குப் பிடிக்காது. ஆர்கன்சான்னு ஒரு பேர்தான் இருக்கு, உள்ள ரெண்டு ஊரு. எங்க பென்டன்வில்ல வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டன் கட்டின மியூசியம் 2011-லேர்ந்து இருக்கு, வால்மார்ட்டுக்கு சரக்கு விக்கற கம்பெனிங்களோட ஆபீஸ் நெறைய இருக்கு, எஸ்.ஏ.டி. கோச்சிங் இருக்கு, இட்லி மாவுக்குக் கடை இருக்கு, சொல்லப் போனா ஜெர்சியோட ஒரு சின்னத் துண்டு. இங்கேர்ந்து கார்ல கெளம்பினா சுமார் அஞ்சு மணி நேரத்துல மிசிசிப்பி ஆத்தங்கரையில ஹெலினா. டெல்டான்னு சொல்லுவாங்க, வயல் வயலா போகும், அமெரிக்காவுல விளையற அரிசியில பாதிக்குக் கிட்ட ஆர்கன்சாதான், அதுல பெரும் பங்கு இந்தக் கிழக்குப் பக்கம்தான், பாத்தா தஞ்சாவூர்க்காரங்களுக்குக் கண்ணு கலங்கும். ஆனா மெயின் ரோட்ல பாதிக் கடை மூடிக் கெடக்கு, பல வருஷமா ஜனங்க ஊர விட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க. ஹார்வர்ட்லேர்ந்து ஆர்கன்சாவுல ரெண்டு மூணு பேர எடுத்தோம்னு சொன்னா அது எங்க வால்மார்ட் வீட்டுப் பிள்ளைங்களா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, டெல்டாப் பிள்ளைக்கு அந்தக் காலேஜுல வீட்டு வருமானம் கம்மின்னா ஃபீஸே வேண்டாம்னு விடுவாங்கங்கறதே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. மேப்ல ஆர்கன்சாவுக்கு ஒரு புள்ளி வச்சாச்சு, ஆனா யாரு புள்ளி?

மாநிலத்துக்குள்ள இருக்கற வித்தியாசத்தப் பாக்கறதுக்கு, எஸ்.ஏ.டி. நடத்தற காலேஜ் போர்டு லாண்ட்ஸ்கேப்னு ஒன்னு வச்சிருந்தாங்க, ஒவ்வொரு பிள்ளையோட ஸ்கூலும் வீடு இருக்கற ஏரியாவும் எப்படின்னு, வருமானம், படிப்பு எல்லாம் சேத்து ஆபீசருக்குக் காட்டும். 2025 செப்டம்பர்ல அத நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி ஜூலையில, இனத்துக்குப் பதிலா ஊர வச்சு ஆள் பிடிக்கறதும் சட்டப்படி தப்பா போகலாம்னு மத்திய நீதித்துறையிலேர்ந்து ஒரு குறிப்பு வந்துச்சு, காலேஜுங்க எல்லாம் பயந்துதான் இருக்கு. இன்னொரு பக்கம் 2023-ல சின்ன ஊர், கிராமத்துப் பிள்ளைங்களுக்குன்னு 16 காலேஜ் சேந்து ஸ்டார்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, சிகாகோ யுனிவர்சிட்டி டிரஸ்டி பைரன் ட்ராட் 2 கோடி டாலர் குடுத்தார், ஒரு வருஷத்துலயே 32 காலேஜ் ஆச்சு. என்னக் கேட்டா இதுதான் சரியான வழி, ஆளு போய் அந்த ஊர் ஸ்கூல்ல நின்னு பேசணும்.

இந்தச் சண்டை நமக்குப் புதுசும் இல்ல. மெட்ராஸ் மாநிலத்துல மெடிக்கல் சீட்ட மாவட்டவாரியா பிரிச்சுக் குடுத்தப்ப, அப்படிக் குடுக்கலன்னா மெட்ராஸ் சிட்டிப் பிள்ளைங்களே அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அரசாங்கம் வாதாடுச்சு, 1968-ல ராஜேந்திரன் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு 2020-ல, மாவட்டம் பாக்காம, அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீதம்னு நம்மூர்ல கொண்டு வந்தாங்க. அதுதான் புத்திசாலித்தனம், பிள்ளை எந்த ஸ்கூல் பெஞ்சுல உக்காந்துச்சுன்னு பாக்கறது.

டெக்சாஸ் அத இன்னும் முன்னாடியே பண்ணிடுச்சு. 1997-ல ஒரு சட்டம், மாநிலத்துல எந்த ஹைஸ்கூலா இருந்தாலும் கிளாஸ்ல மேல 10 சதவீதத்துல இருந்தா அரசு யுனிவர்சிட்டியில சீட்டு உண்டு. அதுவரைக்கும் ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்கு ஆளே அனுப்பாத சின்ன ஊர் ஸ்கூல்லேர்ந்தெல்லாம் பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க, அதனாலதான் கிராமத்து ரிபப்ளிகன் எம்.எல்.ஏ.வும் ஹூஸ்டன் டெமாக்ரட்டும் ஒன்னா நின்னு அந்தச் சட்டத்தக் காப்பாத்தறாங்க. கூட்டம் ஜாஸ்தியாகி ஆஸ்டின் மட்டும் 6 சதவீதம் ஆச்சு, 2026-லேர்ந்து 5. இதுல மாட்டிக்கிட்டது யாருன்னா டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ, பிளேனோவுல இருக்கற நம்ம ஆளுங்கதான், அங்க 5 சதவீதத்துல வர்றதுன்னா சாதாரணமா? அந்தப் பிள்ளைங்கள்ல நெறைய பேர் எங்க ஃபேயட்வில் யுனிவர்சிட்டிக்கு வர்றாங்க, பக்கத்து மாநிலத்துக்காரங்களுக்கு இங்க ஃபீஸ் தள்ளுபடி இருக்கு.

உண்மையில மாநிலம் எங்க கணக்குன்னா, இந்த அரசு யுனிவர்சிட்டியிலதான், அங்க அது பெருமைக்கு இல்ல, சட்டம், பணம். ஆஸ்டின்ல வெளி மாநிலத்துக்காரங்க 10 சதவீதத்துக்கு மேல கூடாது. நார்த் கரோலினாவோட சாப்பல் ஹில்ல 1986-லேர்ந்தே 18 சதவீதம்னு வரம்பு. கலிஃபோர்னியாவுல பெர்க்லி, யு.சி.எல்.ஏ.வுல வெளியாளு ஜாஸ்தியாயிட்டாங்கன்னு 2021-ல சட்டசபையே காசு குடுத்து கொறைக்கச் சொல்லுச்சு. இதுக்காக மாநிலம் மாறினா அர்த்தம் இருக்கு, பொதுவா ஒரு வருஷமாவது அங்க குடியிருந்து வரி கட்டி காட்டணும், காலேஜுக்காகவே வந்தேன்னு தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாங்க. எச்-4 விசாவுல (எச்-1பி-ல வேலை பாக்கறவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா) இருக்கற பிள்ளைங்களுக்கு இது இன்னும் முக்கியம், மத்திய அரசோட உதவித்தொகை எதுவும் கிடையாது, பல மாநிலத்துல உள்ளூர் ஃபீஸ் மட்டும் கிடைக்கும், 21 வயசு ஆச்சுன்னா எஃப்-1-ங்கற ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும், அப்ப அந்த உள்ளூர் ஃபீஸும் போயிடலாம். கிரீன் கார்டு வரிசையில நிக்கற குடும்பத்துக்கு ஹார்வர்ட் மேப்ப விட இந்தப் பொறந்த தேதிதான் தூக்கத்தக் கெடுக்குது, கட்டுரையில அது பத்தி ஒரு வார்த்தை இல்ல.

எழுதி வச்ச கணக்கு பிடிக்கும்னா ரெண்டு இடம் இருக்கு. பி.எஸ்.ஏ.டி. மார்க்க வச்சு குடுக்கற நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்ல மாநிலத்துக்கு ஒரு கட்-ஆஃப், 228-க்கு ஜெர்சியில 220-க்கு மேல வாங்கணும், வெஸ்ட் வர்ஜினியா, வயோமிங்ல 210-ஐ ஒட்டி இருந்தா போதும். இன்னொன்னு வெஸ்ட் பாயின்ட் மாதிரி ராணுவ அகாடமிங்க, ஒவ்வொரு எம்.பி.யும் செனட்டரும் தன் சிபாரிசுல சேந்தவங்கள ஒரு அகாடமியில ஒரு நேரத்துல அஞ்சு பேர் வரைக்கும் வச்சுக்கலாம், வயோமிங்குக்கு மூணு பேர்தான் எம்.பி., செனட்டர் சேத்து, அப்ப 15 இடம் ஆறு லட்சத்துக்கும் கம்மியான ஜனத்துக்கு. ஆனா அதுக்கு சிட்டிசனா இருக்கணும், காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடணும். நம்ம வீட்ல எழுப்பிப் பாருங்க.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்தத் தலைப்புல போடும்போது ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் காலேஜுல சீட்டு வாங்கின பிள்ளையோட போட்டோவோட நிறுத்தாம, எந்த மாநிலத்துல எச்-4 பிள்ளைக்கு உள்ளூர் ஃபீஸ் உண்டு, குடியிருப்ப நிரூபிக்க என்னென்ன பேப்பர் கேப்பாங்க, ஆர்கன்சாவுல ஏ.சி.டி.ங்கற (எஸ்.ஏ.டி. மாதிரி இன்னொன்னு) பரீட்சையில 32 வாங்கி மத்த தகுதியும் இருக்கற சிட்டிசன், கிரீன் கார்டு பிள்ளைங்க இங்கயே படிச்சா வருஷத்துக்கு 10,000 டாலர் வரைக்கும் கிடைக்கற மாதிரி மத்த மாநிலத்துல என்ன ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்லயும் இருக்கற நெட் பிரைஸ் கால்குலேட்டர்ல நம்ம வருமானத்தப் போட்டா, உதவித்தொகை போக நாம கட்ட வேண்டியது என்ன தொகை வரும், இதெல்லாம் ஒரு பக்கம் போடுங்க. ஊர்ல இருக்கற தாத்தா பாட்டிங்களும் உங்க பேப்பரத்தான் படிச்சுட்டு இங்க போன் பண்ணிக் கேக்கறாங்க. நாத்தனாருக்கு வேணா நான் தனியா பதில் சொல்லிக்கறேன்.

இப்படிக்கு,
பென்டன்வில்லேர்ந்து ஒரு வாசகி